ஓடக்காரப் பாட்டின் ஒரிஜினல்

சன்னாசிக்கு ஸரிகம தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிட்டால்தான் எனக்கு மனசு ஆறும். எனக்குத் தெரியும். மூன்று வருடம் ஞாயிறு தவறாமல் சுங்காயில் பஸ் ஏறி, ஈப்போ டவுனில் ஒரு வாத்தியார் வீட்டுத் தரையில் உட்கார்ந்து, எறும்பு கடிக்கக் கடிக்க ஆர்மோனியம் படித்தவன் நான். பழனியப்பன் என்று பெயர். சுங்காயிலிருந்து ஏழு மைல் உள்ளே தள்ளி இருந்த ரப்பர் தோட்டத்தில், ஸ்டோரில் ரப்பர் பால் நிறுக்கும் வேலை. தோட்டத்து இசைக்குழுவுக்குத் தலைவனும் நானே, ஆர்மோனியப் பெட்டியும் நானே. சன்னாசி ரப்பர் மரத்தைக் கீறிப் பால் வெட்டுகிறவன், குழுவில் பாடகன். நான் படித்தேன், அவன் பாடினான், கைதட்டு அவனுக்குப் போனது. இப்படியும் ஒரு நியாயம் உலகத்தில் இருக்கத்தான் செய்கிறது.

1970இல் அவன் ஹுத்தான் மெலிந்தாங் பக்கம் ஒரு தென்னந்தோட்டத்திலிருந்து தகரப் பெட்டியோடு வந்து இறங்கினான். ஒல்லி உடம்பு, நீளக் கழுத்து, அதிர்ந்து ஒரு சொல் பேசமாட்டான். எங்கள் டோலக்குக்காரன் அப்பாவுதான் அவனைப் பற்றி என்னிடம் வந்து சொன்னான்.

"அண்ணே, புதுசா வந்த ஆளு மரத்துக்கு மரம் பாடிக்கிட்டே போவுது. பொம்பளைங்க வாளியக் கீழ வச்சிட்டுக் கேக்குறாங்க."

"கூட்டிட்டு வாயேன், பாப்போம்" என்றேன். அன்றைக்கு என் நாக்கில் சனி உட்கார்ந்திருந்தது.

குரல் ஒன்றும் பிரமாதம் இல்லை. கொஞ்சம் மூக்கால் பாடுவான். சுருதியில் நிற்பான், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் குரலுக்கா ஒரு தோட்டமே மயங்கியது என்று கேட்டால், இல்லை. மயங்கியது வேறு ஒன்றுக்கு. அது எதற்கென்று எனக்கே நான்கு வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

அப்போதெல்லாம் புதுப் படம் ஈப்போவுக்கு வந்தால் எங்கள் சுங்காய் தியேட்டருக்கு வர மூன்று நான்கு வருடம் ஆகும். தேய்ந்த ரீல்தான் வரும். ஆனால் பாட்டுப் புத்தகம் உடனே வந்துவிடும். அட்டையில் கதாநாயகன் படம், உள்ளே பாதிக் கதை, 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று ஒரு வரி, அதற்குப் பின்னால் ஐந்தாறு பாட்டுகளின் வார்த்தைகள். ரேடியோவில் அந்த ஆறில் ஒன்றோ இரண்டோதான் போடுவார்கள். எங்கள் லயங்களில் ரேடியோ இருந்ததே மூன்று வீட்டில். மிச்சப் பாட்டுகளை யாரும் காதால் கேட்டதே கிடையாது. சம்பள வாரத்தில் சன்னாசி ஈப்போ போய் லகாட் ரோட்டுக் கடையில் ஒரு புத்தகம் வாங்கி வருவான். அடுத்த ஒத்திகையில், நாங்கள் கேட்டிராத ஒரு பாட்டைப் பாடுவான்.

முதலில் பாடியது ஓடக்காரப் பாட்டு. ஓடக்காரன் ஒருவன் ஆற்று நடுவில் நின்று, கரையில் இருக்கிறவளைப் பார்த்துப் பாடுவதாக எழுதியிருந்தது. மெதுவாக எடுத்தான். முதல் இரண்டு வரி சும்மா போயிற்று. மூன்றாவது வரியில் கரை என்று வரும் இடத்தில் எவனும் மேலே ஏறுவான். இவன் கீழே இறங்கினான். இறங்கி அங்கேயே கொஞ்ச நேரம் நின்றான். அப்பாவு டோலக்கில் கை வைக்க மறந்துபோய் வாயைப் பிளந்துகொண்டிருந்தான்.

"எங்க கேட்ட இத?" என்றேன்.

"புஸ்தகத்துல இருக்கே அண்ணே" என்றான்.

வார்த்தையைத்தான் சொல்கிறான் என்று விட்டுவிட்டேன். மெட்டை ஈப்போவில் கடைக்காரன் ரெக்கார்டு போட்டபோது காதில் வாங்கியிருப்பான் என்று நினைத்தேன். வேறு எப்படி நினைப்பது? அவனுக்குப் பின்னால் வாசிப்பதுதான் பெரிய பாடாக இருந்தது. அந்த மூன்றாவது வரியை ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு விதமாக இறக்குவான். "ஒரே மாதிரி பாடுடா, என் கை என்ன உன் பின்னால நாய் மாதிரி ஓடணுமா" என்று திட்டுவேன். "மன்னிச்சிக்குங்க அண்ணே" என்பான். அடுத்த தடவை இன்னொரு விதமாக இறக்குவான்.

அந்த வருடம் மாரியம்மன் திருவிழாவில் பாட்டு ஏறியது. அடுத்த வாரம் எந்தப் பக்கம் போனாலும் அதுதான். ஸ்டோரில் பால் வாளி இறக்குகிற பெண்கள் வாயில் அது. காலையில் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடுமுன் அது. என் வீட்டிலும் அது. என் மனைவி நவமணி அரிசி களையும்போது முணுமுணுப்பாள், மூன்றாவது வரி வந்ததும் கை தானாக நின்றுவிடும். களைந்த தண்ணீர் வழிவதுகூடத் தெரியாது அவளுக்கு.

இதையும் சொல்லிவிடுகிறேன், சொன்னால் வெட்கம், அழுதால் துக்கம். நானும் மெட்டுப் போடுகிறவன். நாற்பது பாட்டுக்கு மேல் சொந்தமாகப் போட்டு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். அதே திருவிழாவில் மாரியம்மன் மேல் நானே எழுதி, நானே மெட்டமைத்த பாட்டையும் பாட வைத்தேன். இலக்கணத்தில் ஒரு குறை சொல்ல முடியாது. கூட்டம் எழுந்து தேத்தண்ணி குடிக்கப் போனது. முன் வரிசையில் இருந்த பால்வெட்டுக்காரி வீரம்மா என்னிடமே கேட்டாள்.

"அண்ணே, சன்னாசி எப்பப் பாடுவாரு?"

"பாடிக்கிட்டுத்தானே இருக்கான். இதும் அவன்தான்."

"இது இல்லண்ணே. அவரு பாட்டு."

நவமணிக்கு என் பாட்டைப் பத்து நாள் சொல்லிக் கொடுத்தேன். பதினோராம் நாள் பாடச் சொன்னால், "எப்படி ஆரம்பிக்கும்?" என்றாள். அரிசி களையும்போது மட்டும் எதுவும் மறக்காது.

அவன் மேல் வேறு குறை கண்டுபிடிக்கலாம் என்று எவ்வளவோ பார்த்தேன். நல்லவனாகவும் இருந்து தொலைத்தான். குடிக்கமாட்டான். மேடையில் போடும் மாலையைக் கழற்றி அப்பாவு கழுத்தில் போட்டுவிடுவான். பாப்பா என்று ஒரு பெண்ணைக் கட்டினான், அவள் முன்னால் அதட்டி ஒரு சொல் கிடையாது. யார் கேட்டாலும் பால் வெட்டுகிற கத்தியைத் தீட்டிக் கொடுப்பான். என்னை ஒரு நாளும் அண்ணே என்று தவிரக் கூப்பிட்டதில்லை. பொறாமைப்படுவதற்குக்கூட ஆள் கொஞ்சம் வசதி செய்து தரவேண்டாமா?

மூன்றரை வருடத்தில் அப்படிப் பதினொரு பாட்டு. ரயில் பாட்டு, கோயில் மணிப் பாட்டு, அக்கா தங்கை பாட்டு என்று நாங்களே பேர் வைத்திருந்தோம். பக்கத்துத் தோட்டங்களில் கல்யாணம் என்றால், சன்னாசி வருவாரா என்று கேட்டுத்தான் தேதியே வைத்தார்கள்.

1974இல் அந்த ஓடக்காரப் படம் சுங்காய்க்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானக் காட்சி. தோட்டத்து லோரியில் நாற்பது பேர் நின்றுகொண்டே போனோம். எல்லாருக்கும் ஒரே எதிர்பார்ப்பு, நம்ம பாட்டு எப்போது வரும். ஆறு வந்தது, ஓடம் வந்தது, கதாநாயகன் துடுப்பைப் பிடித்தான். வயலின்கள் ஐம்பது இருக்கும், சடசடவென்று வேகமாகக் கிளம்பின. அவன் வாயைத் திறந்தான். வார்த்தை அதே வார்த்தை. மெட்டு வேறு. துள்ளல் மெட்டு. மூன்றாவது வரியில் கரை என்று வந்தபோது மேலே ஏறிப் போய்க் கையை ஆட்டினான்.

தியேட்டரில் எங்கள் ஆட்கள் மத்தியில் முதலில் ஒரு முணுமுணுப்பு. பிறகு வீரம்மா குரல் நன்றாகவே கேட்டது.

"என்னா இவன் இப்படிக் கெடுத்து வச்சிருக்கான்?"

"தப்பாப் பாடுறான் லா" என்றான் இன்னொருவன். "சன்னாசிகிட்டக் கேட்டுட்டுப் பாடியிருக்கக் கூடாதா?"

நாற்பது பேரும் ஆமாம் போட்டார்கள். மதராஸில் அத்தனை பேர் உட்கார்ந்து போட்ட பாட்டு, எங்கள் தோட்டத்து ஜனங்களுக்குச் சன்னாசியைப் பார்த்துச் செய்த மட்டமான காப்பி. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு ஒரு சந்தோஷமும் வந்தது, மறைக்கவில்லை. மாட்டிக்கொண்டான் என்று நினைத்தேன். இத்தனை நாள் எங்கேயோ அரைகுறையாகக் கேட்டுவிட்டு வந்து ஊரை ஏமாற்றியிருக்கிறான். இரண்டு வரிசை முன்னால் சன்னாசியின் நீளக் கழுத்து தெரிந்தது. அது அசையவே இல்லை.

திரும்பும்போது லோரியின் பின்பக்கம் என் பக்கத்தில் வந்து நின்றான். மற்றவர்கள் படத்துக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணே, ஒண்ணு கேக்கவா?"

"கேளு."

"அந்தப் பாட்டப் புஸ்தகத்துல படிச்சப்ப எனக்கு அப்படித்தான் கேட்டுச்சு. எழுத்துக் கூட்டிப் படிச்சா எல்லாருக்கும் ஒரே வார்த்தைதானே வருது? ராகமும் அதுக்குள்ளயே இருக்கும், யாரு படிச்சாலும் அதே ராகம்தான் வரும்னு நெனச்சேன்."

லோரிக் கம்பியை விட்டுவிட்டு அவன் பக்கம் திரும்பினேன்.

"அப்ப நீ ரெக்கார்டு எதும் கேக்கலையா?"

"எங்கண்ணே கேக்குறது? புஸ்தகம்தான்."

"ரயில் பாட்டு? கோயில் மணிப் பாட்டு?"

"எல்லாம் புஸ்தகம்தான் அண்ணே." பிறகு குரலை இன்னும் தாழ்த்திக்கொண்டு கேட்டான். "நான் பாடுனதெல்லாம் தப்பா?"

லோரி செம்மண் பாதையில் குலுங்கிக்கொண்டு போனது. பதினொரு மெட்டு. ஸரிகம தெரியாதவன், ஆர்மோனியத்தில் ஒரு கட்டையைத் தொட்டறியாதவன், புத்தகத்தைப் பார்த்துப் படிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டே பதினொரு மெட்டுப் போட்டிருக்கிறான். ஒவ்வொன்றும் ஜனங்கள் வாயில் நிற்கிறது. என் மனைவி வாயில் நிற்கிறது. இவ்வளவையும் செய்துவிட்டு, செய்தது என்னவென்றே தெரியாமல் என்னிடம் வந்து தப்பா என்று கேட்கிறான். அந்த நிமிடம் அவனை லோரியிலிருந்து தள்ளிவிடலாம் போல இருந்தது. அது தப்பு இல்லை, அதற்குப் பேர் மெட்டுப் போடுவது என்று சொல்லக்கூடிய ஆள் அந்தத் தோட்டத்தில் நான் ஒருவன்தான்.

"தப்புதான்" என்றேன். "நல்ல வேளை, தோட்டத்தோட போச்சு. ஈப்போவுல பாடியிருந்தா மானம் போயிருக்கும்."

தலையை ஆட்டிக்கொண்டான். "நீங்க சொன்னா சரியா இருக்கும் அண்ணே" என்றான்.

அதற்குப் பிறகு அவன் செய்தது எனக்கே ஆச்சரியம். மறுவாரமே என் வீட்டுக்கு வந்து, சரியாகப் பாடச் சொல்லிக்கொடுங்கள் என்று உட்கார்ந்துவிட்டான். ஈப்போவிலிருந்து ரெக்கார்டுகள் வரவழைத்து, பழைய பதினொன்றில் கிடைத்தவற்றையெல்லாம் வரி வரியாகத் திருத்தினேன். வாயில் பழைய மெட்டு தானாக வந்துவிடும். நாக்கைக் கடித்துக்கொள்வான், சாரி அண்ணே என்பான், மறுபடி ஆரம்பிப்பான். எனக்கு அவ்வளவு திருப்தி. வாத்தியார் நான், மாணவன் அவன், உலகம் கடைசியில் ஒழுங்குக்கு வந்தது என்று இருந்தது. அடுப்படியில் நவமணி பாத்திரத்தை டங்கென்று வைப்பாள். ஒரு நாள் அவன் போன பிறகு கேட்டாள்.

"அவரு பாட்ட எதுக்கு இப்படிப் போட்டு இழுக்குறீங்க?"

"திருத்துறேன்."

"நல்லாத்தானே இருந்துச்சு."

"உனக்கு என்னா தெரியும்" என்று கத்தினேன். அவள் அதற்குப் பிறகு என் முன்னால் முணுமுணுப்பதை விட்டுவிட்டாள். நான் வீட்டுக்குள் நுழைகிற காலடி கேட்டால் பாட்டு நிற்கும். அது இன்னும் மோசம்.

அடுத்த திருவிழாவில் சன்னாசி ஓடக்காரப் பாட்டைப் படத்தில் வந்த மாதிரியே அச்சாகப் பாடினான். கூட்டம் சும்மா உட்கார்ந்திருந்தது. பாடி முடித்ததும் வீரம்மா எழுந்து, "என்னா சன்னாசி, நீயும் அந்தப் படத்துக்காரன் மாதிரியே கெடுத்துட்டியே" என்றாள். அவன் தலை குனிந்து கும்பிட்டான். இரண்டு வருடத்தில் மேடையேறுவதை விட்டுவிட்டான். பாடகன் இல்லாத குழுவை யார் கூப்பிடுவார்கள்? அதுவும் படுத்தது. கைதட்டு எனக்கு மாறி வரும் என்று எந்தப் புத்தியில் நினைத்தேனோ.

1981இல் தோட்டத்தில் ரப்பரை அழித்து எண்ணெய்க்கான செம்பனை போட்டார்கள். பாதிக் குடும்பங்கள் வேலை இல்லாமல் வெளியேறின. சன்னாசி சிம்பாங் பூலாயில் கல் குவாரியில் லோரிக்குக் கல் ஏற்றும் வேலைக்குப் போனான். நான் ஈப்போவில் ஒரு கேசட் கடையில் சேர்ந்தேன். வாடிக்கைக்காரர்கள் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுப்பார்கள், காலிக் கேசட்டில் பதிந்து கொடுப்பேன். ஆர்மோனியப் பெட்டியைக் கடையிலேயே ஒரு மூலையில் வைத்திருந்தேன். நோட்டில் இருந்த நாற்பது மெட்டையும் ஒரு நாள் வரிசையாக வாசித்துப் பார்த்தேன், முதலாளி கதவை மெல்லச் சாத்திவிட்டுப் போனார்.

ஒரு நாள் வீரம்மா வந்தாள், மகளுக்கு நிச்சயதார்த்தமாம்.

"ஓடக்காரப் பாட்டு வேணும் அண்ணே."

எடுத்துப் போட்டேன். இரண்டு வரி கேட்டுவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"இது இல்ல லா. ஒரிஜினல் இல்லையா?"

"இதுதான் ஒரிஜினல். படத்துல வந்தது."

"போங்கண்ணே. பக்கத்துல உக்காந்து பொட்டி வாசிச்சதே நீங்க, எனக்கே கத கட்டுறீங்களா? இத வச்சி நான் என்னா செய்ய?"

கேசட்டை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அவளோடு நின்றதா? மூன்று வருடத்தில் பழைய தோட்டத்து ஆட்கள் எட்டுப் பேராவது வந்திருப்பார்கள். ஒரிஜினல் இருக்கா அண்ணே, ஒரிஜினல் இருக்கா அண்ணே. கடை நிறைய அந்தப் படத்தின் கேசட் அடுக்கி வைத்துக்கொண்டு, இல்லை, இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

1985 தைப்பூசத்துக்கு முந்தின வாரம் சன்னாசியே வந்தான். தலைமயிரிலும் புருவத்திலும் கல் தூசி. கழுத்து இன்னும் நீண்டிருந்தது. பாப்பா சுகம், பிள்ளைகள் இரண்டு, பசியாறிவிட்டுத்தான் வந்தேன் என்றெல்லாம் சொல்லிவிட்டு, வெட்கத்தோடு சிரித்தான்.

"இப்ப சரியாப் பாடுறேன் அண்ணே. லோரியில போறப்ப பழகுவேன். கேக்குறீங்களா?"

கண்ணை மூடிக்கொண்டு ஓடக்காரப் பாட்டை எடுத்தான். படத்து மெட்டு. ஒரு பிசகு இல்லை. மூன்றாவது வரியில் சரியாக மேலே ஏறினான். பதினொரு வருடமாக ஒருவன் தன் பாட்டைத் தானே அழித்துக்கொண்டு வந்திருக்கிறான், அதுவும் என் ஒரு சொல்லை நம்பி.

"சரியா இருக்கா அண்ணே?"

"இருக்கு" என்றேன். "பழைய மாதிரி ஒரு தடவ பாடு, சன்னாசி."

"அது மறந்துபோச்சு அண்ணே. மறக்கவே ரெண்டு வருசம் ஆச்சு. தப்ப எதுக்கு ஞாபகம் வச்சிக்கணும்?"

எனக்கு மறக்கவில்லை. பெட்டியை இழுத்து முன்னால் வைத்து, வார்த்தை இல்லாமல் வாசித்தேன். அவன் எத்தனையோ விதமாக இறக்கிய அந்த மூன்றாவது வரியை, நான் கையில் பிடித்து வைத்திருந்த ஒரே விதத்தில் இறக்கினேன். அவன் தலையைச் சாய்த்துக் கேட்டான். முடிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் கை காய்ப்புக் காய்ப்பாக இருந்தது.

"எவ்வளவு நல்லா இருக்கு அண்ணே. நீங்க போட்டதா?"

கடையில் வேறு யாரும் இல்லை. ஆமாம் என்று ஒரு சொல் போதும். நாற்பது மெட்டுப் போட்டும் ஒருவரும் கேட்காத கேள்வியை, மெட்டுக்குச் சொந்தக்காரனே என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்கிறான். ஆசை இல்லை என்று சொன்னால் என் வாய் வேகும்.

"உன்னுதுடா" என்றேன். "ஓடக்காரப் பாட்டு. நீ போட்டது."

சிரித்தான். "கிண்டல் பண்ணாதீங்க அண்ணே. நான் பாடுனது தப்புன்னு நீங்கதானே லோரியில சொன்னீங்க? இது தப்பான பாட்டு மாதிரியா இருக்கு?"

அன்றைக்கு நான் சொன்னது பொய், வயிற்றெரிச்சலில் சொன்னேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். அதற்குள் அவன், இப்போதுதான் கேட்ட புதுப் பாட்டைப் பிடித்துப் பார்க்கிற மாதிரி, மெல்ல முனக ஆரம்பித்திருந்தான். முதல் வரி, இரண்டாம் வரி. மூன்றாவது வரியில் நான் வாசித்த மாதிரி இறங்கவில்லை. பாதியில் நின்று, ஒரு பக்கமாக ஒதுங்கி, நானும் அவனும் அந்தத் தோட்டமும் இதுவரை கேட்டிராத ஒரு வளைவாக இறங்கினான். சும்மா, பஸ்ஸுக்கு நேரம் பார்த்துக்கொண்டே இறங்கினான். எனக்கு வயிறு எரிந்தது. வந்த வார்த்தை அப்படியே உள்ளே போய்விட்டது.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு. வாரேன் அண்ணே" என்றான். "எல்லார்கிட்டயும் சொல்றேன், பழனியப்பன் அண்ணன் ஒரு பாட்டுப் போட்டிருக்காருன்னு."

படத்துக் கேசட் ஒன்றை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, முனகிக்கொண்டே படியிறங்கிப் போனான். கடை மூடும்வரை அந்த வளைவை வாசித்து வாசித்துப் பார்த்தேன். எனக்கு வரவில்லை.